பின் சக்கரத்து டிரம்மை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்

எங்களுக்குச் செங்கோட்டையில் வீடு, அக்காவைக் கட்டிக்கொடுத்தது புனலூரில். மாதத்துக்கு இரண்டு தடவையாவது அம்மாவை ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டியாக வேண்டும். புளியரை தாண்டியதும் எஸ் வளைவு ஏற்றம், மேலே கோட்டைவாசலில் கேரள எல்லை, அப்புறம் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று இறக்கமும் திருப்பமும்தான். கல் லாரி, காய்கறி லாரி, கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள், எல்லாவற்றுக்கும் இந்த ஒரே ரோடு. இந்த ரோட்டில் பத்து வருஷமாகச் சின்ன கார் ஓட்டுகிறேன், முன்பக்க பிரேக் பேடை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன், பின் சக்கரத்து டிரம்மை, அதாவது பின் பிரேக்கை மூடிக்கொண்டு சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புச் சட்டியை மட்டும் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் என்னைப் போல விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

போன வருஷம் ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் கட்டி, செங்கோட்டையிலும் நாள் முழுக்கப் பொடித்தூறல். ஒன்பது நாள் கார் வாசலிலேயே நின்றது, ஹேண்ட் பிரேக் போட்டபடி. பத்தாம் நாள் காலையில் முதல் கியர் போட்டு கிளட்சை விட்டால் வண்டி நகரவில்லை, பின்னால் யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி நின்றது. கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் ‘டப்’ என்று ஒரு சத்தம், விட்டுவிட்டது. மழைக்கு ஒட்டியிருக்கும், ஓடினால் சரியாகும் என்று கிளம்பிவிட்டேன்.

எஸ் வளைவில் இரண்டாவது திருப்பத்தில் முன்னால் போன கல் லாரி ஏற முடியாமல் நின்றுவிட்டது. நானும் நின்றேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், லீவர் மேலே மேலே வந்தது, கடைசிப் பல் வரைக்கும் இழுத்துவிட்டுக் காலை எடுத்தால் வண்டி மெதுவாகப் பின்னால் நகர்கிறது. பின்னால் ஒரு ஆட்டோ, அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். திரும்பக் காலை வைத்து மிதித்தேன், நின்றது. அதற்கப்புறம் அந்த லாரி நகர்கிற வரைக்கும் பெடலில் இருந்து காலை எடுக்கவே இல்லை. அம்மா “என்னப்பா?” என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மேலே ஏறியதும் இடம் பார்த்துத் திருப்பி, இரண்டாவது கியரிலேயே மெல்ல இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார், சின்ன கொட்டகைதான், சின்ன வயசில் புனலூரில் வேலை பார்த்தவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, பின்னாடி டிரம்ம கடைசியா எப்பம் கழட்டுனீய?” எனக்குப் பதில் தெரிந்திருந்தது, வேறொரு ஊரில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஏழு மாதத்துக்கு முன்னால் போட்ட பில்லில் ‘நான்கு சக்கர பிரேக் கிளீனிங்’ என்று தெளிவாக அச்சடித்து காசு வாங்கியிருந்தார்கள், அதைச் சொன்னேன். அவர் சக்கரத்தைக் கழற்றி டிரம்முக்கும் ஆக்ஸில் தண்டுக்கும் நடுவில் இருந்த துருவைக் காட்டினார். ஒரே பாளமாக, உடையாமல் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் கழற்றியிருந்தால் அந்தத் துரு அப்படி இருந்திருக்க முடியாது. கையில் பில் இருக்கிறது, வேலை நடக்கவே இல்லை. அம்மாவும் அக்கா பிள்ளைகளும் போகிற வண்டியில் பிரேக் வேலையைச் செய்யாமலே செய்ததாக எழுதித் தந்திருக்கிறார்களே என்கிற கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

டிரம் லேசில் வரவில்லை. பல கார்களில் டிரம்மின் முகத்திலேயே இரண்டு மரை போட்ட ஓட்டைகள் விட்டிருப்பார்கள், அதில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டைப் போட்டு மாற்றி மாற்றிச் சம அளவில் முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். அதுவும் வராவிட்டால் பெரும்பாலும் காரணம் என்னவென்றால், உள்சுவரில் உரசி வண்டியை நிறுத்துகிற ஷூ தேய்க்கிற இடம் மட்டும் குழிந்து டிரம்மின் விளிம்பில் ஒரு வரப்பு நின்றிருக்கும், ஷூ அந்த வரப்பில் மாட்டிக்கொள்ளும். அப்போது டிரம்முக்குப் பின்னால் இருக்கிற தட்டில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, திருப்புளியை விட்டு, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரி செய்கிற அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். சுத்தியலால் டிரம்மின் ஓரத்தில் ஓங்கி அடிப்பவர்கள் உண்டு. அது வார்ப்பிரும்பு, விரிசல் விட்டுவிடும். சில கார்களில் சக்கர பேரிங்கும் டிரம்மோடு சேர்ந்தே இருக்கும், நடு நட்டைக் கழற்றினால்தான் டிரம் வரும், திரும்பப் போடும்போது அந்த நட்டுக்கென்று சொன்ன இறுக்கம் கட்டாயம் வேண்டும். அதனால் உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் கை வைக்காதீர்கள்.

திறந்ததும் தெரிந்தது. இடது பக்கம் ஷூக்களைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் ஒழுகி, ஷூக்களின் மேல் ஒட்டியிருக்கிற உரசும் பட்டைகளான இரண்டு லைனிங்கும் பிரேக் ஆயிலில் ஊறிக் கறுத்துப்போய்ப் பளபளவென்று இருந்தன. வலது பக்கம் லைனிங் காய்ந்துதான் இருந்தது, ஆனால் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகி, லைனிங் தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு பக்கம் வழுக்குகிறது, இன்னொரு பக்கம் எட்டவில்லை. ஹேண்ட் பிரேக்கில் ஆயில் கிடையாது, வெறும் கேபிள்தான், அந்தக் கேபிள் இழுப்பது இந்தப் பின் ஷூக்களை மட்டும்தான். பின்னே எஸ் வளைவில் வண்டி எப்படி நிற்கும்?

கால் பிரேக் மட்டும் எப்படி நன்றாகப் பிடித்தது என்று கேட்டேன். முன் சக்கரங்கள்தான் காரணம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, அதோடு சின்ன கார்களில் எஞ்சினும் முன்னால்தான், அதனால் நிறுத்துகிற வேலையில் ஏறக்குறைய 70 சதவீதமோ அதற்கு மேலோ முன் டிஸ்க் பிரேக்குகளே செய்துவிடுகின்றன. ஓட்டுகிறவனுக்குப் பெடலில் பெரிய வித்தியாசம் தெரியாது. பின் பிரேக் கெட்டுப்போனால் சத்தமில்லாமல் கெட்டுப்போகிறது, மழை ரோட்டிலோ ஆள் ஏற்றிய வண்டியிலோ திடீரென்று மிதிக்கும்போதுதான் அது இல்லாதது தெரியும். ஒரு பக்கம் ஊறி ஒரு பக்கம் காய்ந்து இருந்தால் பின்பாகம் ஒரு பக்கமாக இழுக்கவும் செய்யும்.

ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, க்விட், டியாகோ என்று நம் ரோட்டில் ஓடுகிற சின்ன கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் பின்னால் டிரம்தான். காசை மிச்சப்படுத்த மட்டமான சாமானைப் போட்டிருக்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விலை குறைவு என்பது உண்மை. ஆனால் பின் சக்கரத்துக்கு வேண்டிய பிடி அதில் இருக்கிறது, சேறும் மண்ணும் எளிதில் உள்ளே போகாது, லைனிங் முன் பேடைவிட ரொம்ப நாள் உழைக்கும், எல்லாவற்றுக்கும் மேல் ஹேண்ட் பிரேக்குக்கு டிரம்மைப் போல எளிமையான ஏற்பாடு வேறு இல்லை. ஒரே ஒரு குறை, மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. டிஸ்க் பேட் தேய்ந்தால் சக்கர ஓட்டை வழியாகவே பார்த்துவிடலாம், டிரம்மைக் கழற்றினால்தான் உண்டு.

அண்ணாச்சி அன்றைக்கு எனக்கு உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார், அதை இங்கே சொல்லிவிடுகிறேன். பிறை வடிவத்தில் இரண்டு ஷூ, வெளிப்பக்கம் லைனிங் ஒட்டியிருக்கும். மேலே இரண்டுக்கும் நடுவில் வீல் சிலிண்டர், பெடலை மிதித்தால் அதன் இரு முனையிலும் பிஸ்டன் வெளியே வந்து ஷூக்களை அகலமாகத் தள்ளும், அவை சுற்றிக்கொண்டிருக்கிற டிரம்மின் உள்சுவரில் போய் உரசும். காலை எடுத்தால் ஸ்பிரிங்குகள் திரும்ப உள்ளே இழுத்துவிடும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது முன் ஷூ வேலை செய்கிற விதம். கதவுக்கு அடியில் ஆப்பு வைக்கிறோம் இல்லையா, கதவை அந்தப் பக்கம் தள்ளத் தள்ள ஆப்பு இன்னும் இறுகும். அதே மாதிரி சக்கரம் சுற்றுகிற வேகமே முன் ஷூவை டிரம்முக்குள் இழுத்து இறுக்குகிறது, நாம் மிதித்ததைவிடக் கூடுதலாகப் பிடிக்கிறது. பின் ஷூவுக்கு அது கிடையாது, டிரம் அதைத் தள்ளிவிடப் பார்க்கும். வண்டி பின்னால் உருண்டால் கதை மாறும், அப்போது பின் ஷூ ஆப்பாகிவிடும். ஏற்றத்தில் பின்னால் போகிற வண்டியையும் இறக்கத்தில் முன்னால் போகிற வண்டியையும் ஒரே ஹேண்ட் பிரேக் பிடித்து நிறுத்துவது இதனால்தான்.

வீல் சிலிண்டர் ஏன் ஒழுகியது என்பதற்கும் காரணம் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நம் பக்கத்து மழைக்குச் சொல்லவே வேண்டாம். அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும், சொரசொரப்பான சுவரில் ரப்பர் கப் உரசி உரசி அறுந்து ஒழுகத் தொடங்கும். ஈரத்தால் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. டாட் 3 என்கிற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. மலை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துச் சூடேற்றினால் பழைய ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவியை அமுக்கினால் அமுங்கும், பெடல் தரை வரைக்கும் போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். என் வண்டியில் ஐந்து வருஷமாக அதே ஆயில்.

பானெட்டைத் திறந்தால் தெரிகிற ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்ததை நான் கவனித்திருந்தேன், குறைந்ததும் கொஞ்சம் ஊற்றி நிரப்பியும் இருக்கிறேன். முன் பேட் தேயும்போதும் அளவு கொஞ்சம் இறங்கும், அது சகஜம். ஆனால் பேட் புதிதாக இருக்கும்போது இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். ஊற்றுவதற்கு முன் நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள், டயரின் உள்சுவரில் ஈரக்கோடு வழிந்திருந்தால் அங்கேதான் விஷயம். டிரம்மைத் திறந்துவிட்டால் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்க்க வேண்டும், உள்ளே ஈரம் தேங்கியிருந்தால் அது போய்விட்டது. ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், ஆயில் லைனிங்குக்குள்ளே இறங்கியிருக்கும், சூடானதும் மறுபடி வெளியே வரும். மாற்றத்தான் வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து.

இதை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, முதல் கியரில் போட்டு முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். உள்ளே இருக்கிற கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, இப்போது இருப்பதில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, எதுவானாலும் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டு, பிரேக் கிளீனரை அடித்தோ ஈரத்துணியாலோ துடைத்து எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள், ஸ்பிரிங் எது எங்கே மாட்டியிருந்தது என்று குழப்பம் வந்தால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்து மாட்டிக்கொள்ளலாம், ஆனால் இடம் வலம் கண்ணாடி மாதிரி மாறியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பிரிப்பதற்கு முன் போனில் இரண்டு மூன்று படம் எடுத்துக்கொள்வது அதைவிட நல்லது. டிரம் வெளியே இருக்கும்போது வண்டிக்குள் யாரும் பெடலைத் தொடக் கூடாது, தொட்டால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துள்ளி வெளியே வந்துவிடும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் காரைப் பூட்டிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

லைனிங் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும், புத்தகத்தைப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் ஆனபின் மாற்றலாம் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு, மலையில் ஓட்டுகிற நான் 2 மில்லிமீட்டருக்குக் கீழே விட மாட்டேன். டிரம்முக்கும் அளவு உண்டு. சின்ன கார்களில் உள்விட்டம் 180 அல்லது 200 மில்லிமீட்டர் இருக்கும், எவ்வளவு வரை தேயலாம் என்பதைப் பெரும்பாலும் டிரம்மிலேயே பொறித்திருப்பார்கள். கோடு விழுந்த டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம், ஆனால் கடைந்தபின் அந்த அளவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் புதிது வாங்குவதே சரி.

மாட்டும்போது ஷூ உரசி நகர்கிற மேடான இடங்கள் பின் தட்டில் இருக்கும், ஒரு ஷூவுக்கு மூன்று, அதிலே பிரேக்குக்கென்று விற்கிற சூடு தாங்கும் கிரீஸைப் பொட்டு வைக்கிற அளவுக்கு. அட்ஜஸ்டரின் மரையிலும் அதே கிரீஸ். லைனிங்கிலோ டிரம்மின் உள்ளேயோ விரல் ரேகைகூடப் படக் கூடாது. டிரம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தால் லைனிங் லேசாக ‘ஸ்ஸ்’ என்று தொட்டுப் போகிற சத்தம் கேட்க வேண்டும், பிடிக்கக் கூடாது. அப்புறம் ஆயில் மாற்றி, குழாயில் நிற்கிற காற்றை வெளியேற்றி, பெடலைப் பத்துப் பதினைந்து தடவை மிதித்தால் அட்ஜஸ்டர் ஒவ்வொரு பல்லாக ஏறி இடைவெளியைச் சரி செய்துகொள்ளும். சில கார்களில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டால்தான் ஏறும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லீவர் உயரமாக வருகிறதென்றால் உடனே கேபிளை முறுக்கிவிடுவது. உள்ளே லைனிங் தேய்ந்திருக்கும், அட்ஜஸ்டர் இறுகியிருக்கும், அதையெல்லாம் அப்படியே வைத்துக் கேபிளை இழுத்துக் கட்டினால் ஷூ முழுதாகத் திரும்பாது, அட்ஜஸ்டரும் வேலை செய்யாது, ஓடும்போதே லைனிங் உரசிச் சூடேறும். டிரம்முக்குள்ளே ஷூவைச் சரி செய்தபின் என் லீவர் ஆறாவது பல்லில் நின்றது, கேபிளைத் தொடவே தேவையில்லாமல் போனது.

ஷூ செட், இரண்டு வீல் சிலிண்டர், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய் ஆனது.

ஓட்டுவதிலும் மாற்றிக்கொண்டேன். ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது டிரம்முக்கு அப்படியே பொருந்தும், ஏனென்றால் டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு வெளிப்பக்கமாக விலகிப் போகும், டிஸ்க் அப்படி விலகாது. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், எஞ்சின் பிடிக்க விட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் அழுத்தி மிதித்து விடுவது நல்லது. ரோட்டில் தேங்கிய தண்ணீரில் முக்கால் சக்கரம் முங்கிப் போய்விட்டு வந்தால் டிரம்முக்குள் தண்ணீர் நிற்கும், கொஞ்ச தூரம் வேகத்தைக் குறைத்துப் பெடலை லேசாகத் தொட்டபடி ஓட்டினால் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் சமதரையில், ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுகிறேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இருக்கிற புது வண்டிக்கு இதெல்லாம் வேண்டாம் என்று அத்தான் சொன்னார். ஊறிப்போன லைனிங்கை ஏபிஎஸ் என்ன செய்யும்? அவருடைய வண்டியையும் போன மாதம் திறந்து பார்த்தோம், ஒழுகவில்லை, ஆனால் தூசி கைப்பிடி அளவுக்கு இருந்தது.

அண்ணாச்சி என்னிடம் சொன்னது, “வருசத்துக்கு ஒருக்கா, இடவப்பாதிக்கு முன்ன தெறந்து பாத்துருங்க தம்பி.” செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர், இங்கே பெரியவர்களுக்கு மழை என்றால் இன்னமும் இடவப்பாதிதான், மலையாள இடவ மாதத்துப் பாதியில் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை. இந்த வருஷம் வைகாசி பிறந்ததும் நானே கழற்றினேன், அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு சிலிண்டரும் காய்ந்து இருக்கின்றன, லைனிங் சம அளவில் தேய்ந்திருக்கிறது, வலது அட்ஜஸ்டர் விரலால் தள்ளினாலே சுற்றுகிறது. இடது பக்கத்து ஹேண்ட் பிரேக் கேபிளின் உறை மட்டும் ஒரு இடத்தில் கிழிந்து உள்ளே துரு தெரிகிறது. தென்காசியில் சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்றார்கள், மாட்டிவிட்டுத்தான் புனலூர் போக வேண்டும்.